லாரிக்குப் போடும் தளைநார்

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் நம் ஊரில் அநேகமாக யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம்: பனிக்காலத்தில் லாரி டயருக்கு மாட்டுகிற இரும்புச் சங்கிலி. தேவைப்படாத பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் உண்டு. அவசரமே கிடையாது.

என் அக்கா மகன் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர் விடுமுறைக்குத் தாஹோ ஏரிப் பக்கம் பனி பார்க்கக் கிளம்புவது, நாம் மே மாதம் ஊட்டிக்குக் கிளம்புவது மாதிரிதான். போன முறை மலைச்சாலையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டான். முன்னால் கண்ணுக்கெட்டிய வரை லாரிகள். ஓட்டுநர்கள் பனியில் மண்டியிட்டுச் சக்கரத்தில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார்களாம். பொழுது போகாமல் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டான். "மாமா, பதினெட்டுச் சக்கரம், முப்பத்தாறு டன்னு. அந்தக் கனமே ரோட்டைப் பிடிச்சுக்காதா? இதுக்கு எதுக்குச் சங்கிலி?"

கேள்வி நியாயமானது. அவனுக்குப் போனில் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. இப்போது நிதானமாகப் போகலாம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சேக்ரமென்டோவிலிருந்து ரீனோவுக்குப் போகும் 80-ஆம் எண் நெடுஞ்சாலை, சியரா நெவாடா மலைத்தொடரை டானர் கணவாய்ப் பக்கம் 7,239 அடி உயரத்தில் கடக்கிறது. ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம்தான். ஊட்டியில் தை மாத விடியலில் புல்வெளி வெளுத்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். டானரிலோ சராசரியாக ஒரு குளிர்காலத்தில் 30 அடிப் பனி கொட்டுகிறது. அங்கே பெர்க்கலி பல்கலைக்கழகத்துக்கு ஒரு பனி ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2022–23 குளிர்காலத்தில் அங்கே அளந்தது 754 அங்குலம், அதாவது 63 அடிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் ஒரே சமயத்தில் குவிந்து நிற்கவில்லை. விழ விழ அமுங்கும், உருகும். ஆனாலும் அத்தனையும் வானத்திலிருந்து இறங்கியதுதான்.

டானர் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். 1846-இல் மாட்டுவண்டிகளில் மேற்கே போன 87 பேர் கொண்ட கூட்டம், இந்த மலையைத் தாண்டுவதற்குள் பனி மூடிவிட்டதால் மாட்டிக்கொண்டது. பாதிக்குச் சற்று அதிகமானவர்களே உயிரோடு வெளியே வந்தார்கள். அதே வழியில் இன்று தினமும் லாரிகள் போய் வருகின்றன. சங்கிலி விஷயத்தில் அந்த ஊர் நெடுஞ்சாலைத் துறை காட்டும் கண்டிப்பைப் பார்த்து எரிச்சல் வரும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கண்டிப்புக்கு மூன்று படிகள். ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று பலகையில் போடுவார்கள். ஆர்-1 என்றால் பனி டயர் போட்ட கார்களும் சின்ன வண்டிகளும் சங்கிலி மாட்டாமல் போகலாம். ஆர்-2 என்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதிலும் நான்கும் பனி டயராக இருந்தால்தான், சங்கிலியை உள்ளே வைத்துக்கொண்டு போகலாம். ஆர்-3 என்றால் யாராக இருந்தாலும் மாட்டித்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் அந்த நிலை வருவதற்குள் சாலையையே மூடிவிடுவார்கள். கனரக லாரிக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை, முதல் படியிலேயே சங்கிலி. அக்கா மகன் காரில் உட்கார்ந்திருக்க, லாரிக்காரர்கள் பனியில் மண்டியிட்டிருந்ததன் காரணம் இதுதான்.

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். கனம் பிடித்துக்கொள்ளாதா?

பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒரு விகிதப்படிதான். சக்கரத்தின் மேல் 100 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் அதில் ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு ரப்பர் சாலையைப் பற்றி இழுக்கும். வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பனியில் அது 20 கிலோவாகச் சுருங்கும். வழவழப்பான பனிக்கட்டியில் 10. அந்தக் கட்டி லேசாக உருகத் தொடங்கி மேலே நீர்ப்படலம் கட்டினால் அதிலும் பாதி. கடுங்குளிரைவிட, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி நிற்கும் மிதமான குளிரைப் பார்த்துத்தான் அனுபவப்பட்ட ஓட்டுநர் அதிகம் பயப்படுவார். சியராவில் விழும் பனி பெரும்பாலும் அந்த ஈர வகை. கனத்துக் கெட்டிப்படும் அந்தப் பனிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் 'சியரா சிமென்ட்'.

கனம் கூடினால் பிடிப்பும் கூடும், உண்மை. ஆனால் மேட்டில் ஏற்றவேண்டிய சுமையும் அதே அளவு கூடிவிடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் கணக்கு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பதினெட்டுச் சக்கரத்தில் இழுக்கிற சக்கரம் எட்டுதான். முன்னால் இரண்டு திருப்புவதற்கு. பின்னால் டிரெய்லரில் எட்டு, அவை சும்மா உருண்டு வரும். நடுவில் இருக்கும் எட்டுக்குத்தான் இன்ஜின் சக்தி போகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் முழுச் சுமை ஏற்றிய லாரி 80,000 பவுண்டு, நம் கணக்கில் 36 டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதில் இழுக்கும் சக்கரங்களின் மேல் உட்காருவது அதிகபட்சம் 34,000 பவுண்டு, அதாவது 15 டன் சொச்சம். சாலை பனிக்கட்டியாக இருந்தால் நூற்றுக்குப் பத்து. ஆக, கிடைக்கும் இழுவிசை ஒன்றரை டன். மேடு 100 அடிக்கு 6 அடி உயர்கிறது என்றால் 36 டன்னை மேலே நகர்த்தத் தேவை இரண்டு டன்னுக்கு மேல். அரை டன்னுக்கு மேல் துண்டு விழுகிறது. இன்ஜினில் ஐந்நூறு குதிரைச் சக்தி இருந்தாலும் பயனில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, கீழே இருக்கிற பனியை இன்னும் மெருகேற்றிக்கொடுக்கும்.

இந்த இடத்தில் டிஃபரென்ஷியல் என்ற சமாச்சாரம் வேறு காலை வாரும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உட்பக்கம் குறைவாக. அதற்காக இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சக்கரம் வழுக்கினால், சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடும். பந்தியில் இலையைக் காலி செய்தவனுக்கே மறுபடி மறுபடி பரிமாறிவிட்டு, பக்கத்து இலையைப் பார்க்காமல் போவது மாதிரி. இதைப் பூட்டிவைக்க ஓட்டுநரிடம் ஒரு சுவிட்ச் உண்டு. இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சங்கிலி போட்டு மறுபக்கத்தை விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சங்கிலி என்ன செய்கிறது? "இரும்பு கெட்டி, அதனால் பிடிக்கும்" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். பனிச்சறுக்குக் காலணியின் அடியில் இருக்கும் தகடு எதனால் ஆனது? எஃகு. பனிக்கட்டியில் எஃகு ரப்பரைவிட வழுக்கும். அதனால்தான் அதைக் கட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள். ஆகவே இரும்பு என்பதற்காக அது பிடிப்பதில்லை. எப்படிக் கிடக்கிறது என்பதில்தான் விஷயம். சறுக்குத் தகடு போகிற திசைக்கு நீளவாக்கில் இருக்கிறது. சங்கிலி, டயரின் குறுக்கே கிடக்கிறது.

நாற்றங்காலைச் சேறடிக்கும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் டயரோடு வயலில் இறக்கினால் புதைந்துபோய் நின்ற இடத்தில் சுற்றும். அதற்காகக் கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம் மாட்டுவார்கள், கேஜ் வீல். அதன் குறுக்குப் பட்டைகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கி, சேற்றையே படியாக மிதித்துக்கொண்டு முன்னேறும். பனியில் சங்கிலி செய்வதும் அதே வேலை. ஒரு டயரின் மேல் உட்காரும் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான கனம், சாதாரணமாக ஒரு நோட்டுப் புத்தக அட்டையளவு ரப்பரில் பரவிக் கிடக்கும். குறுக்கே சங்கிலி வந்ததும் அந்தக் கனமெல்லாம் சில கண்ணிகளின் விளிம்பில் போய்க் குவிகிறது. விளிம்பு பனிக்குள் இறங்குகிறது. அப்புறம் வண்டி வழுக்கவேண்டுமானால் அந்தப் பனியைப் பிளந்துகொண்டுதான் வழுக்கவேண்டும். உராய்வை நம்பி நின்ற வண்டி, இப்போது பனியின் கெட்டித்தன்மையை நம்பி நிற்கிறது. கெட்டியான பனிக்கட்டியில் இவ்வளவு ஆழமாக இறங்காது, கீறத்தான் முடியும். அதற்காகவே கண்ணிகளின் மேல் 'வி' வடிவப் பல் பற்றவைத்த சங்கிலிகளும் உண்டு.

இதைக் கண்டுபிடித்தவர் ஹாரி வீட் என்பவர். நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற சிற்றூர்க்காரர். 1904-இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் சேற்றிலும் பனியிலும் சிக்காமலிருக்க டயரில் கயிற்றையும் கொடியையும் சுற்றுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். ஆக, கேஜ் வீலும் பனிச்சங்கிலியும் ஒரே சேற்றில் பிறந்த பங்காளிகள் என்று நான் சொன்னால் அது முழுக்கக் கற்பனையல்ல.

இப்போது நம் ஒன்றரை டன்னுக்குத் திரும்புவோம். சங்கிலி போட்டதும் பிடிப்பு இரண்டு மடங்கானால் போதும், மூன்று டன் வந்துவிடும். தேவை இரண்டு டன் சொச்சம். வண்டி ஏறிவிடும். மேடேறும் பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுவதால்தான் எல்லாரும் ஒரு தப்பான முடிவுக்கு வருகிறார்கள்: சங்கிலி என்பது ஏறுவதற்கு.

அக்கா மகன் மட்டுமல்ல, முதல் குளிர்காலம் ஓட்டும் ஓட்டுநர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். "நின்றுவிட்டால் மாட்டிக்கொள்ளலாம். இன்ஜினில் வலு இருக்கிறது, தம் பிடித்து ஏறிவிடுவேன்." அப்படி ஏறியும் விடுகிறார்கள் சிலர். சங்கதி அங்கேதான் தொடங்குகிறது. ஏறாத லாரி, நின்ற இடத்தில் நிற்கும். ஏறிவிட்ட லாரி, இறங்கியாகவேண்டும்.

நம் தென்மாவட்டங்களில் பனையேறுபவர் இரண்டு காலையும் சேர்த்துத் தளைநார் போட்டுக்கொள்வார். அது ஏறுவதற்கா, இறங்குவதற்கா என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார். கீழே இருந்து பார்க்கிறவனுக்கு ஏறுவதுதான் கஷ்டமாகத் தெரியும். மேலே இருப்பவனுக்குத் தெரியும், கனம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று.

இறங்கும் கணக்கைப் போடுவோம். அதே 36 டன், அதே சரிவு. இப்போது அந்த இரண்டு டன் சொச்ச விசை பின்னாலிருந்து தள்ளுகிறது. கீழே போகும் வரை ஒரு நொடிகூட ஓய்வதில்லை. பிரேக் பதினெட்டுச் சக்கரத்திலும் பிடிக்கும், அது ஒரு நல்ல செய்தி. ஆனால் பனிக்கட்டியில் நூற்றுக்குப் பத்துதான் பிடிப்பு என்றோம். அதில் ஆறு பங்கு சரிவின் தள்ளலைச் சமாளிக்கவே போய்விடும். வேகத்தைக் குறைக்க மிஞ்சுவது நான்கு. மணிக்கு 30 மைலில், அதாவது 48 கிலோமீட்டரில், இறங்கும் லாரி அந்த நான்கை வைத்துக்கொண்டு நிற்பதற்கு ஏறக்குறைய 230 மீட்டர் ஆகும். 60 மைலில் வந்தால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 900 மீட்டருக்கு மேல். உருகத் தொடங்கிய பனிக்கட்டியில், பிடிப்பு ஐந்துக்கு வந்துவிட்டால்? தள்ளுவது ஆறு, பிடிப்பது ஐந்து. நிற்கவே நிற்காது. பிரேக் மிதித்தபடியே வேகம் ஏறும்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் பரிமாறும். இல்லாத பிடிப்பைச் சமைத்துத் தராது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. லாரி ஒரே பொருளல்ல, கீல் வைத்த கதவு மாதிரி இரண்டு துண்டு. முன்னால் இழுக்கும் தலைப்பகுதி. அதன் முதுகில் சுழலும் தட்டு. அதன் மேல் டிரெய்லர். இழுத்துக்கொண்டு போகும்போது இந்த இரண்டும் நேர்க்கோட்டில் வரும், கயிற்றில் கட்டி இழுக்கும் குழந்தையின் பொம்மை வண்டி மாதிரி. இறங்கும்போது தலைப்பகுதி தயங்கினால், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது, தள்ளினால் மடங்கும். அந்த மடங்கலுக்கு ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜாக்நைஃப்', மடக்குக் கத்தி.

நம் மலைப்பாதைகளில் "இரண்டாம் கியரில் இறங்கவும்" என்று பலகை வைத்திருப்பார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறிக் கெடாது. தங்கமான அறிவுரை. பெரிய லாரிகளில் இதற்கென்றே இன்ஜின் பிரேக் என்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. பனியில் இந்தத் தங்கம் பித்தளையாகிவிடுகிறது. இன்ஜின் பிடிப்பது அந்த நடு எட்டுச் சக்கரத்தை மட்டும்தான். டிரெய்லரின் சக்கரங்களுக்கு அந்தச் சேதியே போவதில்லை. தலைப்பகுதியின் பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வழுக்க, முழுச்சுமை டிரெய்லர் தன்பாட்டுக்கு வந்து மோத, கத்தி மடங்குகிறது. நல்ல பழக்கமே காலை வாருகிற இடங்களில் இது ஒன்று.

மறுவழியும் இருக்கிறது. தலைப்பகுதி சங்கிலியின் தயவில் நன்றாகப் பிடித்து மெதுவாகிறது, டிரெய்லரின் சக்கரங்கள் வெறும் ரப்பரோடு வழுக்குகின்றன. அப்போது டிரெய்லரின் வால் பக்கவாட்டில் ஆடி, முன்னே வர ஆரம்பிக்கும். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தால் தன் சொந்த டிரெய்லர் தன்னை முந்துவது தெரியும். பார்க்கக்கூடாத காட்சி.

டிரெய்லர் சக்கரங்கள் இழுப்பதில்லை. சங்கிலி ஏறுவதற்கு மட்டும் என்றால் அவற்றுக்குச் சங்கிலி போடுவது வீண்வேலை. ஆனால் கலிபோர்னியா உட்படச் சில மாநிலங்களின் விதி, டிரெய்லரிலும் ஒரு ஜோடிச் சங்கிலி கேட்கிறது. அதை 'டிராக் செயின்' என்பார்கள், பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் சங்கிலி. வால் நேராக வரவேண்டும் என்பதற்காகவே அது. கட்டுப்பாடு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்றும் பாருங்கள். மேற்கேயிருந்து வரும்போது பலமுறை கிங்வேல் என்ற இடத்தில் தொடங்கும். உச்சியைத் தாண்டியும் முடியாது. மறுபக்கம் டானர் ஏரிச் சந்திப்பு வரை இறங்கிய பிறகுதான் சங்கிலியைக் கழற்றலாம். விதியை எழுதியவர்கள் மலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சங்கிலி பெரும்பாலும் நடுச் சக்கரங்களிலும் டிரெய்லரிலும்தான். ஸ்டியரிங்கோடு திரும்பும் முன் இரண்டும் அநேகமாக வெறுங்காலோடு நிற்கின்றன. ஆகவே ஏற்றமும் நிறுத்தமும் மேம்பட்ட அளவுக்குத் திருப்பம் மேம்படுவதில்லை. பக்கவாட்டு வழுக்கலில் குறுக்குச் சங்கிலிக்கும் அவ்வளவு வேலை இல்லை, அது முன்பின் திசைக்குச் செய்தது. நேராகப் போகும்போது 'பிடிக்கிறது, பிடிக்கிறது' என்று மனசில் ஒரு தைரியம் வரும். வளைவு வந்ததும் அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் இருக்காது.

அதனால்தான் வேகம் மணிக்கு 25, 30 மைலுக்கு மேல் கூடாது என்பது. இதில் சங்கிலியின் சொந்தப் பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. கவணில் கல்லைச் சுற்றினால் கயிறு விறைக்கிறதல்லவா, அதே மாதிரி சக்கரம் சுற்றச் சுற்றச் சங்கிலி வெளியே பறக்கப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்கு. தளர்ந்த ஒரு முனை, சுற்றுக்கு ஒரு முறை மட்கார்டை அடிக்கும். பக்கத்தில் பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் இருந்தால் அதை அறுக்கும். காப்பாற்ற வந்ததே பிரேக்கைப் பறித்த கதையாகிவிடும்.

மாட்டும் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். சங்கிலியை ஏணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் இரண்டு பக்கத்திலும் ஓடும் இரண்டு நீளச் சங்கிலிகள் ஏணியின் கால்கள். டயரின் முகத்தில் குறுக்கே விழுபவை படிகள். லாரியில் சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து மூடும் சங்கிலியும் உண்டு; அதற்கு மூன்று கால். அது ஒன்று 30 கிலோ அளவுக்குக் கனக்கும், 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கூடுதல். இரவு இரண்டு மணிக்கு, நனைந்த கையுறையோடு, பக்கத்தில் வண்டிகள் பனிச்சேற்றை வாரியடித்துக்கொண்டு போக, அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி டயர் மேல் போடவேண்டும். அமெரிக்க ஓட்டுநர்கள் இதை 'இரும்பு வீசுவது' என்கிறார்கள். வீசித்தான் பார்க்கவேண்டும் அதை.

மேலே போட்டதும் சுருக்கமில்லாமல் இழுத்துவிடவேண்டும். கொக்கிகளின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பரைக் குத்தும். பிறகு வண்டியைக் கொஞ்சம் உருட்டி, டயருக்கு அடியில் மாட்டியிருந்த மிச்சப் பகுதியை வெளியே கொண்டுவந்து, முதலில் உள்பக்கக் கொக்கி, அப்புறம் வெளிப்பக்கம். வெளிக் காலில் கேம் என்று திருகுப் பூட்டுகள் இருக்கும். அதற்கென்ற சாவியால் திருக, சங்கிலி கயிற்றுக்கட்டில் இறுகுவதுபோல் இறுகும். மேலே ரப்பர் பட்டையை நட்சத்திரம் மாதிரி இழுத்து மாட்டுவார்கள். முடிந்தது என்று கிளம்பிவிட முடியாது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் சங்கிலி டயரில் படிந்து தளரும். மறுபடி இறங்கி இறுக்கவேண்டும். தவறுகளில் பாதி, இந்த இரண்டாவது இறக்கத்துக்குச் சோம்பல்படுவதில்தான் வருகிறது. குளிரில் அந்தச் சோம்பலைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

காசு கொடுத்தால் மாட்டிவிட ஆட்களும் உண்டு. கலிபோர்னியாவில் அவர்களுக்கு நெடுஞ்சாலைத் துறை அனுமதிச் சீட்டும் எண் போட்ட அடையாளமும் கொடுக்கிறது. அரசு ஊழியர்கள் அல்ல, சொந்தத் தொழில். ஆனால் சங்கிலியை விற்கவோ வாடகைக்கு விடவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. பனிப்புயலில் நடுச்சாலையில் சங்கிலி விற்கும் உரிமை ஒருவருக்கு இருந்தால் என்ன விலை சொல்வார் என்று யோசித்தால், இந்த விதியின் அருமை புரியும்.

மற்ற மாநிலங்கள் இன்னும் கறார். கொலராடோவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே போகும் லாரிகள் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, வெயில் அடித்தாலும் சரி, சங்கிலியைக் கூடவே கொண்டுபோகவேண்டும். மாட்டச் சொல்லியும் மாட்டாவிட்டால் 500 டாலர் அபராதம், மேற்கட்டணம் தனி. மாட்டாததால் சாலை அடைபட்டால் அது 1,000 டாலராகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கவேண்டும்.

கொலராடோ அபராதத்தில் அந்த இரண்டாவது தொகையைக் கவனியுங்கள். ஓட்டுநர் தன்னை ஆபத்துக்குள்ளாக்கிக்கொண்டதற்கு ஒரு விலை, பின்னால் வருகிறவர்களை நிறுத்தியதற்கு இரண்டு மடங்கு விலை. மடங்கிய ஒரு லாரி இரண்டு தடத்தையும் அடைத்துவிடும். பனி வாரும் வண்டி அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். வாரப்படாத சாலையில் பனி ஏறிக்கொண்டே போகும். மீட்பு வண்டி வரவும் வழி இருக்காது. அக்கா மகன் நின்ற மூன்று மணி நேரம் லாரிகள் சங்கிலி மாட்டியதால் வந்தது. மாட்டாமல் போயிருந்தால் அவன் இரவு முழுக்க அங்கேயே காரில் தூங்கியிருக்கவும் கூடும்.

இந்த இரும்புக்கு மாற்று இல்லையா? இருக்கிறது. சில பேருந்துகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் வண்டிக்கடியில் ஒரு சின்னச் சக்கரம் வைத்து, அதைச் சுற்றிக் குட்டிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டுநர் சுவிட்சைத் தட்டினால் அது டயரின் உள்பக்கத்தில் போய் ஒட்டிச் சுழன்று, சங்கிலித் துண்டுகளை டயருக்கு அடியில் வீசிக்கொண்டே வரும். டயருக்குக் காலுறை மாதிரி துணியில் மாட்டுவதும் உண்டு. எல்லா இடத்திலும் எல்லா நிலையிலும் இவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பெரும்பனி வந்தால் கடைசியில் அந்தப் பழைய ஏணிதான்.

யாருக்கும் தேவைப்படாதது என்று ஆரம்பத்தில் சொன்னேன், 'அநேகமாக' என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டேன். நாமக்கல்லைத் தொட்டுப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகர். அங்கிருந்து குல்மார்க் பக்கமோ சோஜிலா பக்கமோ திரும்பினால், பனி நாட்களில் போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்திக் கேட்பது இதைத்தான். 'ஆன்டி ஸ்கிட் செயின்' என்பது அங்கே அதன் பெயர்.

டானரின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம். ஏரிச் சந்திப்பு தாண்டியதும் கழற்றும் இடம். தார் தெரிந்த சாலையில் சங்கிலியோடு ஓடினால் இரும்பும் தேயும், சாலையும் தேயும், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பல்லும் ஆடும். கழற்றுவது மாட்டுவதைவிடச் சுலபம்: கேமைத் தளர்த்தி, கொக்கியை எடுத்து, சங்கிலியைத் தரையில் விரித்துவிட்டு, வண்டியை மெதுவாக அதன் மேலிருந்து நகர்த்தினால் போதும். பிறகு ஒவ்வொன்றையும் தூக்கி உதறி, அறுந்த கண்ணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, வண்டியின் ஓரத்துக் கம்பியில் முறுக்கில்லாமல் தொங்கவிடவேண்டும். முறுக்கோடு போட்டால், அடுத்த மலையில் இரவு இரண்டு மணிக்கு அந்தச் சிக்கை எடுக்கப்போவதும் அதே கைகள்தான்.